எஃப்எக்ஸ்30-க்கு சினி லென்ஸ்: வெஸ்பிட் செட், மாற்று வழிகள், வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சோனி எஃப்எக்ஸ்30 வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். கையிலிருக்கும் ஜூம் போதுமா, இல்லை சினிமா எடுக்கவென்றே செய்யும் சினி லென்ஸ் செட் ஒன்று எடுக்கலாமா, எடுத்தால் எது? நான் அந்த கேமராவில் டிஇசட்ஓஃபிலிம் கம்பெனியின் வெஸ்பிட் பிரைம் (ஜூம் ஆகாத, ஒரே குவியத் தூரம் கொண்ட) லென்ஸ்களைப் போட்டுத்தான் குறும்படம், சின்ன விளம்பரம், மியூசிக் வீடியோ எல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபோக்கஸ் இழுக்க, அதாவது ஷாட் ஓடும்போதே ஃபோக்கஸ் வளையத்தைக் கையால் சுற்ற, உங்களோடு ஒரு ஆள் நிற்பார் என்றால் தைரியமாக வாங்கலாம், தனியாளாகப் படம் எடுப்பவர் என்றால் இந்தப் பணத்தை வேறு எதிலாவது போடுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், சினி லென்ஸ் மாட்டினால் படம் தானாகச் சினிமா மாதிரி ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உலாவுகிறது. அது உண்மை இல்லை. ஷார்ப்னஸ் மட்டும்தான் கணக்கு என்றால் நல்ல ஸ்டில் (போட்டோ) லென்ஸ் எதுவும் சினி லென்ஸுக்குச் சளைத்தது அல்ல, பல சமயம் விலையில் பாதிகூட இருக்காது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கண்ணாடிக்குப் போவதில்லை, அந்தக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் உலோக வேலைக்குத்தான் போகிறது. வளையம் எவ்வளவு தூரம் சுற்றுகிறது, எவ்வளவு சீராகச் சுற்றுகிறது, அதில் போட்ட குறி நாளைக்கும் அதே இடத்தில் நிற்குமா, இதற்குத்தான் காசு.

ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். பழைய வீடு, கூடத்திலிருந்து ஒரு அம்மா முற்றத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கேமரா அசையாது, லென்ஸ் 50 எம்எம், வெளிச்சத் திறப்பு டி2.1 (டி என்றால் என்ன என்பது கீழே வருகிறது). நடை தொடங்குவது கேமராவிலிருந்து பன்னிரண்டு அடியில், முடிவது ஆறரை அடியில். அந்த ஆறரை அடியில், அதாவது இரண்டு மீட்டரில், எஃப்எக்ஸ்30-இல் இருக்கும் சூப்பர் 35 அளவு சென்சாரில் உங்களுக்குக் கிடைக்கும் ஃபோக்கஸ் ஆழம் மொத்தமே சுமார் 13 சென்டிமீட்டர். முகம் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே கண் போய்விடும். இதை இன்றைய ஆட்டோஃபோக்கஸ் ஸ்டில் லென்ஸ் ஒன்றில் கையால் இழுத்துப் பாருங்கள். அதிலிருக்கும் வளையம் பெரும்பாலும் எதோடும் நேராக இணைந்திருக்காது, நீங்கள் சுற்றுவதைப் பார்த்து உள்ளே ஒரு மோட்டார் ஓடும், வேகமாகச் சுற்றினால் ஒரு தூரம், மெதுவாகச் சுற்றினால் இன்னொரு தூரம். ரிகர்சலில் சாக்பீஸில் போட்ட மார்க் டேக்கில் பொய் சொல்லும். சில புது லென்ஸ்களில் இதை நேர்கோட்டு முறைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது, நல்ல விஷயம்தான், ஆனால் குறுகலான சுற்று குறுகலான சுற்றுதானே.

வெஸ்பிடில் ஃபோக்கஸ் வளையம் 270 டிகிரி சுற்றுகிறது. ஐந்தடிக் குறிக்கும் ஆறடிக் குறிக்கும் நடுவில் விரல் வைக்க இடம் இருக்கிறது, அதனால் என் அசிஸ்டென்ட் அந்த நடையின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பிடிக்க முடிந்தது, தூணைத் தொடும் இடத்தில் வளையம் போய் நின்ற விதத்தை மானிட்டரில் பார்த்தபோது இதற்குத்தான் இந்த லென்ஸ் என்று தோன்றியது. ஃபோக்கஸ் முன்னால் இருப்பவரிடமிருந்து பின்னால் இருப்பவருக்கு மாறும்போது ஃப்ரேம் வீங்கிச் சுருங்கும் அந்த மூச்சுவாங்கலும் மிகக் குறைவு. வசனக் காட்சியில், அதுவும் ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொருவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டில், முன்னால் இருப்பவரின் தோள் விரிந்து சுருங்குவது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்பது எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் அளவு ஒன்றாக இருப்பது. செட்டின் பிரதான லென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் முன்பக்க விட்டம் 80 மில்லிமீட்டர், ஃபில்டர் 77. வெயிலை மறைக்கவும் ஃபில்டர் போடவும் லென்ஸுக்கு முன்னால் வைக்கும் மேட் பாக்ஸைக் கழற்றி மாட்ட வளையம் தேட வேண்டாம், ஃபோக்கஸ் வளையத்தைச் சுற்றும் ஃபாலோ ஃபோக்கஸ் மோட்டாரை பெரும்பாலும் நகர்த்தவே வேண்டாம். பகலில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. மாலை ஐந்தரை மணிக்கு மேல், கடற்கரையில் வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கிக்கொண்டிருக்கும்போது, 25-ஐக் கழற்றி 75-ஐ மாட்டி மோட்டாரை மறுபடி அளவெடுக்க வேண்டியிருந்தால் அந்த ஒரு குளோஸப் அன்றைக்குக் கிடைக்காது. செட்டாக வடிவமைத்த லென்ஸின் அருமை அங்கேதான் தெரியும். நிறமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது, கொஞ்சம் வெதுவெதுப்பான பக்கம், நம் ஊர்த் தோல் நிறத்துக்கு அது நன்றாகவே உட்காருகிறது, டிஐயில் (படத்தின் நிறம் திருத்தும் கட்டத்தில்) லென்ஸுக்கு லென்ஸ் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

டி எண், எஃப் எண் குழப்பம் பலருக்கு இருக்கிறது. எஃப் என்பது கணக்கு, லென்ஸின் குவியத் தூரத்தை அது திறக்கும் துவாரத்தால் வகுத்தால் வருவது. உள்ளே போன வெளிச்சம் எல்லாம் வெளியே வந்துவிடாது, நடுவில் இருக்கும் கண்ணாடிகள் கொஞ்சம் தின்றுவிடும், மீதி எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதுவது டி. சிக்மாவின் 18-35 ஸ்டில் லென்ஸ் எஃப்1.8, அதே கண்ணாடியை வைத்து அவர்களே செய்த சினி லென்ஸில் டி2 என்று எழுதியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் வித்தியாசம். ஒரே லென்ஸில் எடுக்கும்போது இது தலைபோகிற விஷயம் இல்லை, மானிட்டரைப் பார்த்து சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஒரே காட்சியில் மூன்று லென்ஸ் மாறும்போது, மூன்றையும் டி2.8-இல் வைத்தால் மூன்றும் ஒரே வெளிச்சம் தர வேண்டும், அந்த நம்பிக்கையைத் தருவது டி எண்தான்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன், மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவில் பூட்டிக்கொள்ளும் இடம். கேமரா பாடி நான்கைந்து வருடத்தில் பழசாகிவிடும், லென்ஸ் பல கேமராக்களைத் தாண்டி நிற்கும். அதனால் கையில் இருக்கும் பாடிக்காக லென்ஸ் வாங்காமல் நாளைக்கு வரப்போகும் பாடிக்கும் சேர்த்து வாங்குங்கள். லென்ஸ் மவுண்டிலிருந்து சென்சார் வரைக்கும் உள்ள தூரம் சினிமா கேமராக்களின் பிஎல் மவுண்டில் 52 மில்லிமீட்டர், கேனன் ஈஎஃப்பில் 44, சோனி ஈ மவுண்டில் வெறும் 18. பிஎல் லென்ஸை சோனியில் மாட்ட நடுவில் 34 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது, ஒரு அடாப்டர் போட்டால் முடிந்தது. தலைகீழாக முடியாது. ஈ மவுண்டுக்கென்றே செய்த லென்ஸை பிஎல் கேமராவில் மாட்ட வழியே இல்லை, ஏனென்றால் அது சென்சாருக்கு அவ்வளவு அருகில் போயாக வேண்டும். வெஸ்பிடை பிஎல்லில் வாங்கினால் இன்றைக்கு எஃப்எக்ஸ்30, நாளைக்கு வாடகைக்கு ஒரு அலெக்ஸா (ஆரி கம்பெனியின் சினிமா கேமரா) கிடைத்தால் அதிலும் அப்படியே ஏறும். ஈஎஃப் மவுண்டும் மாற்றிக்கொள்ளலாம், அந்த வேலையைப் பழக்கமுள்ளவரிடம் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது. இன்னொன்று, இவை 36-க்கு 24 மில்லிமீட்டர் முழு ஃப்ரேம் சென்சாரையும் மூடும், அதனால் எஃப்எக்ஸ்3 அல்லது எஃப்எக்ஸ்6-க்கு மாறினாலும் லென்ஸை விற்க வேண்டாம்.

ஆனால் அடாப்டரில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். லட்ச ரூபாயைத் தாண்டும் லென்ஸை வாங்கிவிட்டு சந்தையில் இருப்பதிலேயே மலிவான அடாப்டரைத் தேடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அடாப்டர் 0.05 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன், கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? 25 எம்எம் லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்தாலும் ஃபோக்கஸ் பன்னிரண்டரை மீட்டரில் நிற்கும். ஒன்றரை மீட்டர் குறியில் வைத்தால் உண்மையில் 1.34 மீட்டரில் இருக்கும், அதாவது 16 சென்டிமீட்டர் பிசகு, டேப் பிடித்து அளந்த வேலை வீண். அதே பிசகு 100 எம்எம்மில் முடிவிலியை 200 மீட்டருக்குத்தான் இழுக்கும், யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அதனால்தான் டெலியில் எல்லாம் சரியாக இருக்கிறது, வைடில் மட்டும் சாஃப்டாக வருகிறது என்ற புகார் வந்தால் லென்ஸைத் திட்டுவதற்கு முன் அடாப்டரைப் பார்க்க வேண்டும். உள்ளே மெல்லிய தகடுகள் வைத்துச் சரிசெய்யக்கூடிய அடாப்டராக வாங்குங்கள், ஒருமுறை உங்கள் பாடிக்கு ஏற்ற மாதிரி அளவு வைத்துவிட்டால் அதை அந்த கேமராவோடே விட்டுவிடுங்கள்.

எடையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எஃப்எக்ஸ்30 பாடி பேட்டரியோடு 646 கிராம்தான். வெஸ்பிட் லென்ஸோடு அடாப்டரையும் சேர்த்தால் கேமராவை விட லென்ஸ் கனம். ஈ மவுண்ட் ஒரு சின்ன ஸ்பிரிங் பூட்டை நம்பி நிற்பது, ஃபோக்கஸ் மோட்டார் திசை மாறும்போது லென்ஸ் இம்மியளவு ஆடினாலும் ஃப்ரேம் துள்ளும். கேமராவுக்கு அடியிலிருந்து முன்னால் நீளும் 15 எம்எம் தடிமன் கம்பி (ராட்) போட்டு லென்ஸுக்கு அடியில் ஒரு தாங்கி கொடுங்கள், செலவு கொஞ்சம்தான். கேமராவுக்கும் லென்ஸுக்கும் மின் தொடர்பு இல்லாததால் ஸ்டெடிஷாட் (ஆட்டம் குறைக்கும் வசதி) மெனுவில் குவியத் தூரத்தை நீங்களே எண்ணாகப் போட வேண்டும். 75-இலிருந்து 25-க்கு மாறிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால் கையில் பிடித்து எடுக்கும் ஷாட்டில் படம் விநோதமாக இழுபடும். ட்ரைபாடில் என்றால் அதை அணைத்துவிடுவதே நிம்மதி. ஃபைலிலும் லென்ஸ் விவரம் பதிவாகாது, கிளாப்பிலோ நோட்டிலோ எழுதி வைக்கச் சொல்லுங்கள், கிராபிக்ஸ் வேலை இருந்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

எந்தெந்த பிளாக் (பிரைம்) லென்ஸ்? சூப்பர் 35 சென்சாரில் ஒன்றரை மடங்கு கணக்கு, எனவே 25 என்பது முழு ஃப்ரேமில் 37 மாதிரி, 50 என்பது 75 மாதிரி, 75 போட்டால் 112. மூன்று மட்டும்தான் வாங்க முடியும் என்றால் 25, 50, 75 என்பேன். 35 இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். 25-ஐ வைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் நகர்வதும், 50-ஐ வைத்துக்கொண்டு பின்னால் போவதும் உங்கள் கண்ணுக்கு ஒரு ஒழுக்கத்தைக் கொடுக்கும், கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்க வைக்கும். நம் ஊர் வீடுகளில்தான் சிக்கல், பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ, நடிகர், விளக்கு எல்லாம் போக மிச்சமிருக்கும் மூலையில் கேமராவை வைத்தால் 25 வைடே இல்லை. அதற்கு 16 வேண்டும், அது டி2.8, மற்றவற்றை விட வெளிச்சம் முக்கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் குறைச்சல் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). எஃப்எக்ஸ்30-இல் எஸ்-லாக்3 முறையில் (பிறகு நிறம் திருத்த வசதியான பதிவு முறை) எடுக்கும்போது 800, 2500 என்று இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) இருப்பதால் சமாளித்துவிடலாம். 16-ஐ நான் தேவைப்படும் நாளில் வாடகைக்குத்தான் எடுக்கிறேன்.

மற்ற லென்ஸ்களையும் சொல்ல வேண்டும், இது ஒன்றுதான் வழி என்பதில்லை.

சாம்யாங் விடிஎஸ்எல்ஆர் வரிசை இன்றைக்கும் முதல் செட்டாக வாங்கத் தகுந்தது. 24, 35, 50, 85 எல்லாம் டி1.5, வெஸ்பிடை விட முழு ஒரு ஸ்டாப் வேகம், அதாவது இரட்டிப்பு வெளிச்சம். தெருவிளக்கு வெளிச்சத்தில், ஜெனரேட்டர் இல்லாமல் இரவுக் காட்சி எடுப்பவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. எடை குறைவு, நேராக ஈ மவுண்டிலேயே கிடைக்கும், அடாப்டர் தலைவலி கிடையாது. ஆனால் இவை ஸ்டில் லென்ஸிலிருந்து பிறந்தவை, ஃபோக்கஸ் மாற்றும்போது ஃப்ரேம் மூச்சுவாங்குவது தெரியும், ஃபில்டர் அளவும் 24, 35, 50-க்கு 77 என்றால் 85-க்கு 72. ஒரு ஸ்டெப்-அப் வளையத்தில் அது தீர்ந்துவிடும், மூச்சுவாங்கலுக்குத்தான் மருந்து இல்லை. முதல் பதிப்பில் ஃபோக்கஸ் மோட்டார் பிடிக்கும் பல்சக்கரம் லென்ஸுக்கு லென்ஸ் இடம் மாறும், இரண்டாம் பதிப்பில் அதைச் சரிசெய்திருக்கிறார்கள், எனவே பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பதற்கு முன் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

ஆவணப்படம் எடுப்பவர் என்னிடம் கேட்டால் பிளாக் லென்ஸே வேண்டாம், 2017-இல் வந்த ஃபுஜினான் எம்கே 18-55 டி2.9-ஐத் தேடிப் பிடியுங்கள் என்பேன். 980 கிராம், ஜூம் முழுக்க ஒரே டி2.9, ஜூம் செய்தாலும் ஃபோக்கஸ் இடம் மாறாது, ஃபோக்கஸ் வளையம் 200 டிகிரி, நேராக ஈ மவுண்ட். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கைக்கு ஜூம் செய்து மறுபடி முகத்துக்கு வரலாம், ஃபோக்கஸ் அசையாது, ஸ்டில் ஜூம்களில் பெரும்பாலும் இதை நினைத்துப் பார்க்க முடியாது. குறை என்றால் நான் மேலே சொன்ன அதே மவுண்ட் விஷயம்தான், சோனியை விட்டு வேறு பக்கம் போனால் லென்ஸ் கூட வராது, சூப்பர் 35-ஐத் தாண்டியும் மூடாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பிரமாதமான லென்ஸ்.

சிக்மா 18-35 எஃப்1.8, 2013-இல் வந்தது, இன்னும் எத்தனையோ குறும்படங்களைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறது. படம் அருமை, சுற்றுதான் குறைவு. கொஞ்சம் பட்ஜெட், ட்ரைபாடில் நிதானமான ஷாட்டுகள் என்றால் இதுவே போதும். பழைய நிக்கான் ஏஐ-எஸ் லென்ஸ்களை விரும்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவற்றின் ஃபோக்கஸ் எதிர்ப் பக்கம் சுற்றும், சினி லென்ஸில் கை பழகிய அசிஸ்டென்ட் அவசரத்தில் தவறான பக்கம் இழுத்துவிடுவார். சிருயின் 1.33 மடங்கு அனமார்ஃபிக் லென்ஸ்கள் (படத்தைப் பக்கவாட்டில் அமுக்கிப் பதிவுசெய்பவை) 16:9-ஐ 2.37-க்கு விரித்துத் தரும், அழகுதான், முதல் செட்டாக வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் இடங்களுக்குப் பஞ்சமே இல்லை, உங்கள் பாடியையும் உங்கள் அடாப்டரையும் கையோடு கொண்டுபோங்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, சென்சார் குறியிலிருந்து டேப் பிடித்து நான்கடி, ஆறடி, பத்தடியில் எழுத்துள்ள எதையாவது நிறுத்தி, வளையத்தை அந்தந்தக் குறியில் வைத்துப் பாருங்கள். லென்ஸில் அடிக் குறியா மீட்டர் குறியா என்பதையும் பாருங்கள், நம் செட்டில் டேப் அடியில்தான் பேசும். ரெக்கார்டிங் ஓடும்போதே ஐரிஸை (வெளிச்சம் வரும் துவாரத்தை) மெதுவாக மூடித் திறங்கள், வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், எங்கேயும் தட்டக் கூடாது. நல்ல வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரை இருட்டான வாசலுக்கு முன்னால் நிறுத்தி, லென்ஸை முழுசாகத் திறந்து எடுத்து, வேட்டியின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஊதா நிறக் கோடு எவ்வளவு தடிமனாக ஓடுகிறது என்பதும் எந்த ஸ்டாப்பில் அது காணாமல் போகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த ஸ்டாப்தான் உங்கள் வேலை ஸ்டாப். கழற்றிய லென்ஸின் பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, செகண்ட் ஹேண்ட் என்றால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். கடலோர ஊரில் இருக்கும் நமக்கு இது வெறும் எச்சரிக்கை இல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸ்தான் முதலில் கெடும். ஈரப்பதம் நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் நிற்கும் டிரை கேபினெட்டையும் லென்ஸ் பட்ஜெட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம், கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி), ஒரே ஆள் என்று ஓடுகிறவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் யாரும் உங்களுக்காக மார்க்கில் நிற்க மாட்டார்கள். அங்கே சோனியின் ஆட்டோஃபோக்கஸ்தான் உங்கள் ஃபோக்கஸ் புல்லர், அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையால் சுற்றுவதில் எந்தப் பெருமையும் இல்லை. சிக்மா 18-50 எஃப்2.8 முந்நூறு கிராம்கூட இல்லை, கிம்பலில் நாள் முழுக்கத் தாங்கும், அந்தக் கல்யாணத்துக்கு அதுதான் சரியான லென்ஸ்.

வெஸ்பிட் என்று முடிவு செய்துவிட்டவர்கள் செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. பெரிய சினிமாக்களில் பயன்படும் குக் எஸ்4 லென்ஸ் ஒரே ஒன்றைப் புதிதாக வாங்கும் விலையில் இதில் முழு செட்டே வந்துவிடும் என்பது உண்மைதான், ஆனாலும் பல லட்சம் பல லட்சம்தான். டி1.9 வேகத்தில் வெஸ்பிட் பிரைம் 2 வந்திருப்பதால் பழைய செட்டைக் கைமாற்றுபவர்கள் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். முதலில் 50-ஐயும் நல்ல அடாப்டர் ஒன்றையும் வாங்கி, அதிலேயே ஒரு முழுக் குறும்படம் எடுங்கள், மற்றவற்றை அந்தந்த நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை பில்லில் எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்த லென்ஸை அடுத்ததாக வாங்குங்கள்.